நான் வழிமொழிந்த திடல்

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி, நகராண்மைக் கழகத்தின் பூங்கா, பொழுதுபோக்கு ஆலோசனைக் குழுவில் உறுப்பினர் பதவி. செய்தியைச் சொன்னதும் என் மனைவி கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு, "பொழுதுபோக்குக்கு உங்கள விட்டா வேற ஆளு யாரு இருக்கா" என்றாள். அது பாராட்டா, கேலியா என்று இதுவரை நான் விசாரிக்கவில்லை. எதையும் விசாரிக்காமல் தலையாட்டிவிடுவது என் சுபாவம். அந்தச் சுபாவத்தால் ஒரு திடல் போன கதையைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மலேசியாவில் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் இருக்கிறது எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு. அங்கே ரப்பர் மரங்கள் நின்ற காலத்தில் நாங்கள் அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். தோட்டம் கைமாறியபோது லயங்களை இடித்துவிட்டு, எங்களுக்கென்று நான்கு வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். நடுவில் பழைய பந்துத் திடலை மட்டும் அப்படியே விட்டார்கள். பிறகு அது நகராண்மைக் கழகத்தின் பொறுப்புக்குப் போனது. பொறுப்பு என்றால், எப்போதாவது ஒருவர் புல்வெட்டும் இயந்திரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு வருவார், பாதித் திடலை வெட்டுவார், மழை வரும், போய்விடுவார்.

என்னைக் குழுவில் சேர்த்துவிட்டது என் நண்பன். அவன் அதன் துணைத் தலைவர். அவனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் எங்கள் தோட்டத்தில் இருந்த ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எந்த வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அது நேராகக் கிராணி வீட்டுக்குப் போகும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைத்தான் கிராணி என்போம். பிறப்புப் பத்திரம், ஆஸ்பத்திரிக் கடிதம், பாரம் என்று நாங்கள் சொல்லும் பள்ளிக்கூடத்துப் படிவம் எல்லாவற்றையும் அவர் படிப்பார், நிரப்புவார், கடைசியில் ஓர் இடத்தில் விரலை வைப்பார். எங்கள் ஆட்கள் அங்கே கையெழுத்துப் போடுவார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பது மரியாதை இல்லை. கேட்டால் அவரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடும்.

என் நண்பன் அந்தக் கிராணியின் மகன். நான் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவரின் மகன். கிராணியும் போய், லயமும் போய், அவன் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டான். ஆனால் அந்த விரல் மட்டும் அப்பாவிடமிருந்து அவனுக்கு வந்துவிட்டது. நான் முப்பது வருடம் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஓட்டியவன். மலாயில் போலீஸ்காரரிடம் வாதாடுவேன், பாசாரில் மீனுக்குப் பேரம் பேசுவேன். ஆனால் அரசாங்கக் கடிதத்தில் வரும் மலாய் வேறு ஒரு தேசத்து மொழி. என் மகளின் கல்லூரி மனு முதல் என் ஓய்வுக்காலப் பணத்துக்கான பாரம் வரை, அவன் விரல் வைத்த இடத்தில்தான் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்றுகூடத் தப்பாகப் போனதில்லை. அதை ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

குழுவுக்கு அதிகாரம் என்று எதுவும் கிடையாது. மாதம் ஒரு முறை கூடுவோம். ஊர் முழுவதும் இருக்கும் பூங்காக்களின் பட்டியலை அதிகாரி வாசிப்பார். எந்த ஊஞ்சலில் சங்கிலி அறுந்திருக்கிறது, எந்தக் கழிப்பறையில் கதவு இல்லை என்று நாங்கள் சொல்வோம். புதிய வேலை ஏதாவது செய்ய வேண்டுமானால் இடத்தை நேரில் போய்ப் பார்த்துப் பரிந்துரை எழுதுவோம். பரிந்துரை மேலே போகும். மேலே போனது சில சமயம் கீழே வரும். ஏரிக்கரைப் பூங்காவில் ஒரு பெஞ்சு ஏரியைப் பார்க்க வேண்டுமா, பிள்ளைகள் விளையாடும் இடத்தைப் பார்க்க வேண்டுமா என்று மூன்று கூட்டங்கள் விவாதித்தோம். கடைசியில் கொத்தனார் அதைக் கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்துப் பதித்துவிட்டார்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கூழாங்கல் பதித்த நடைபாதை ஒன்றைச் சோதிக்கப் போனபோது, காலுக்கு நல்லது, நடந்து காட்டுங்கள் என்று அதிகாரி என்னைத்தான் அழைத்தார். கேமராவும் தயாராக இருந்தது. நான் வெறுங்காலோடு நாலடி வைத்தேன். ஐந்தாவது அடியில் என் வாயிலிருந்து வந்தது மலாயும் இல்லை, தமிழும் இல்லை. அந்தப் படத்தில் நான் தீ மிதிப்பவன் போல இருக்கிறேன், பக்தி மட்டும் இல்லை. அன்று முதல் குழுவில் எனக்கு ஓர் இடம் உறுதியானது. சிரிக்க வைப்பவன்.

இன்னோர் இடமும் கிடைத்தது. ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் போன கூட்டத்தின் குறிப்பை உறுதிப்படுத்த வேண்டும். ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும். தலைவர் ஓய்வு பெற்ற மலாய்த் தலைமையாசிரியர், நிதானமானவர். அவர் கேட்டதும் என் நண்பன் கையைத் தூக்கி முன்மொழிவான். அடுத்த நொடி நான் கையைத் தூக்கி வழிமொழிவேன். குறிப்பில் என் பெயர் வரும். தலைப்பு, தேதிக்குப் பிறகு முதல் பக்கத்திலேயே வரும். அந்தப் பக்கத்தை என் மனைவியிடம் காட்டியிருக்கிறேன். மீதிப் பக்கங்களை நானே பார்த்ததில்லை.

இனித் திடலுக்கு வருகிறேன். எங்கள் வரிசைக்குப் பின்வரிசையில் ஒரு பெண் இருக்கிறாள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. நாற்பதைத் தாண்டியவள். தாமானில் இருக்கும் பெண் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு கபடிக் குழு வைத்திருந்தாள். வேலை முடிந்து வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, சாயங்காலம் திடலில் நிற்பாள். பதினோரு பெண்கள். பிள்ளைகள் அவளைக் கோச் என்பார்கள். நான் சும்மா ஓரத்தில் நின்று விசிலடித்துக் கெடுத்துக்கொண்டிருப்பேன். அவள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள், நான் தங்கச்சி என்பேன்.

அந்தப் பெண்களை அவர்கள் வீட்டார் விளையாட விட்டதற்கு ஒரே காரணம், திடல் அங்கே இருந்ததுதான். நான்கு வரிசை வீடுகளின் சமையலறை ஜன்னல்களும் அதைப் பார்த்தே இருக்கின்றன. அம்மாக்கள் சோறு வடித்துக்கொண்டே மகள் எங்கே நிற்கிறாள் என்று பார்க்கலாம். வேறு இடத்துக்குப் போய் ஆட விடமாட்டார்கள். பஸ் ஏறி என்றால் நிச்சயமாக விடமாட்டார்கள். இது கோச்சுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

எங்கள் திடலுக்கு ஏதோ மேம்பாட்டு வேலை வரப்போகிறது என்ற பேச்சு வந்தபோது அவள் என் வீட்டுக்கே வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, ஒன்னே ஒன்னுதான் கேக்குறேன். மண்ணு மண்ணாவே இருக்கட்டும். லைட்டு வேணாம், கூரை வேணாம். சிமெண்டு மட்டும் போட்டுடாதீங்க. விழுந்தா முட்டி போயிடும்."

"நான் இருக்கேன்ல தங்கச்சி. நம்ம ஆளுதானே துணைத் தலைவரு. சிமெண்டு வந்தா என் மேலதான் போடணும்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டுப் போனாள். நான் அன்றே நண்பனிடம் சொன்னேன். அவன் தோளைத் தட்டி, நான் பாத்துக்கிறேன்லா என்றான். அந்த இரண்டே சொற்களுக்காக நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த கூட்டத்தில் எங்கள் திடல் ஏழாவது விஷயமாக இருந்தது. ஆறாவது விஷயம் முடியும் நேரத்தில் நண்பன் என் பக்கம் சாய்ந்து, கீழே உணவு வந்திருக்கிறது, வாங்கி வைக்க ஆள் இல்லை, நீ போய் வாங்கி வந்துவிடு என்றான். குழுவில் உணவுக்கு நான்தான் பொறுப்பு. யாரும் நியமிக்கவில்லை, உடம்பைப் பார்த்து வந்த பொறுப்பு. கீழே போனேன். வேன் இன்னும் வரவில்லை. கால் மணி நேரம் நின்றேன். வந்ததும் கறிபாப் பலகாரத் தட்டுகளை இரண்டு தடவை மாடிக்கு ஏற்றினேன். மூச்சு வாங்க உள்ளே நுழைந்தபோது ஒன்பதாவது விஷயம் ஓடிக்கொண்டிருந்தது.

"நம்ம திடலு என்னாச்சு?" என்று காதுக்குள் கேட்டேன்.

"ஒத்தி வச்சாச்சுடா. அடுத்த வாட்டி பாத்துக்கலாம்."

அடுத்த மாதம் குறிப்பை உறுதிப்படுத்தும் நேரம் வந்தது. அவன் கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, கோச் கைப்பேசியில் கூப்பிட்டாள். திடலில் லோரி நிற்கிறது, மண்வெட்டும் இயந்திரத்தை இறக்குகிறார்கள் என்றாள். நான் புல் வெட்டத்தான் வந்திருப்பார்கள் என்றேன். புல் வெட்ட எதற்கு எக்ஸ்கவேட்டர் என்றாள். நல்ல கேள்விதான். இந்தத் தடவையாவது முழுத் திடலையும் வெட்ட நினைத்திருப்பார்கள் என்று ஒரு ஜோக் சொன்னேன். அவள் கைப்பேசியை வைத்துவிட்டாள்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கோல் கம்பம் நின்ற இடத்தில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். படம் போட்டிருந்ததால் எனக்கும் புரிந்தது. பச்சைச் சாயம் அடித்த சிமெண்டுத் தளம், சுற்றிலும் உயரமான கம்பி வேலி, மிச்ச இடத்தில் கார்கள். அந்தப் படத்துக் கார்கள் எல்லாம் ரொம்பப் புதுசு, எங்கள் தாமானில் யாரிடமும் அப்படி இல்லை.

அங்கிருந்து நேராக நகராண்மைக் கழக அலுவலகம். முகப்பில் இருந்த இளம் மலாய்ப் பெண்ணுக்கு என்னைத் தெரியும். கூழாங்கல் படத்தை அவளும் பார்த்திருக்கிறாள். ஏதோ தவறு நடந்துவிட்டது, நாங்கள் இதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவள் பொறுமையாகக் கோப்பைத் தேடி எடுத்தாள். ஏழாவது விஷயத்தைத் தன் விரலால் காட்டி, எனக்குப் புரியும் மலாயில் வாசித்தாள். திடலைப் பல்நோக்கு ஆட்டத்தளமாக மாற்றக் குழு பரிந்துரைக்கிறது. வந்திருந்த உறுப்பினர்கள் அனைவரும் ஒருமனதாக. முன்மொழிந்தது என் நண்பன். பிறகு அடுத்த கூட்டத்தின் குறிப்பைப் புரட்டினாள். மேலே சொன்னவை யாவும் சரியென உறுதிப்படுத்தப்பட்டன. வழிமொழிந்தவர் என்ற இடத்தில் என் பெயர், அப்பா பெயரோடு, எழுத்துப்பிழைகூட இல்லாமல் இருந்தது.

அவள் ஒரு நகல் எடுத்துக் கொடுத்தாள். நன்றி சொன்னேன். மோட்டாரை எடுக்க வந்தபோது சாவி எந்தச் சட்டைப்பையில் இருக்கிறது என்று தெரியாமல் வெகு நேரம் தடவிக்கொண்டிருந்தேன். அது மோட்டாரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

நண்பன் வீட்டு வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தான். வாடா, காப்பி குடிக்கிறியா என்றான். நான் நகலை நீட்டினேன். அவன் அதை வாங்கவில்லை. குழாயைத் திருகி நிறுத்தினான். அதிலிருந்தே அவனுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒத்தி வச்சாச்சுன்னு சொன்னியே" என்றேன்.

"சொன்னேன்."

"கறிபாப் வாங்கவும் நீதான் அனுப்புன."

"நீ உள்ள இருந்தா ஒத்துக்க மாட்ட. ஒருமனதா இல்லன்னா இந்த வருசம் எதுவுமே குடுக்க மாட்டேன்னு அதிகாரி சொல்லிட்டாரு. புல்லுக்கு ஒன்னும் கிடைக்காதுடா. வெளையாட்டுக் கோர்ட்டு கட்டுனா வாசல்ல கல்வெட்டு வைப்பாங்க, யாரு கொண்டாந்ததுன்னு நாளைக்கும் தெரியும். அடுத்த வருசம் நான் குழுவுல இருப்பனோ என்னவோ."

கல்வெட்டு. அவன் அப்பா தோட்டம் முழுவதற்கும் காகிதம் எழுதிக் கொடுத்தார், அவர் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை. அது அவனுக்குள் இருந்திருக்கிறது என்பது எனக்கு இப்போது புரிகிறது. அன்று புரியவில்லை.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன். "சண்ட போட்டிருப்பேன். அவ்வளவுதானே."

அவன் ஈரத் துணியைப் பிழிந்தான். "உங்கிட்ட என்னத்தடா சொல்றது? எதச் சொன்னாலும் ஜோக்காக்கி ஊர் பூரா சொல்லிட்டு வருவ. உன்ன வச்சிக்கிட்டு யாரு சீரியஸா பேச முடியும்?"

கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகவே சொன்னான். ஐம்பது வருடமாக என் ஜோக்குக்கு முதலில் சிரிப்பவன் அவன்தான். எங்கள் வீட்டுக் காகிதங்கள் எல்லாவற்றிலும் விரல் வைத்தவனும் அவன்தான். அத்தனை நாளும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே, இவனிடம் எதையும் சொல்லத் தேவையில்லை என்று முடிவு செய்து வைத்திருந்திருக்கிறான். நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். காப்பி குடிக்காமல் வந்துவிட்டேன்.

கோச்சிடம் நானே போய்ச் சொன்னேன். நகலையும் கொடுத்தேன். அவளுக்கு அரசாங்க மலாய் நன்றாகத் தெரியும், தொழிற்சாலையில் தொழிற்சங்கத்தில் இருக்கிறாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். நான் அறையில் இல்லை, கறிபாப் தூக்கப் போயிருந்தேன் என்று விளக்கினேன்.

"சரி. அடுத்த மாசம் உள்ளதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

"படிக்கலயா?"

இல்லை என்றேன். அவள் காகிதத்தை மடித்து என்னிடமே திருப்பித் தந்தாள். "பரவால்ல மெம்பர்" என்றாள். அதன் பிறகு அவள் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை. என்னை ஏமாற்றியவனிடம் நான் போய்க் கத்தலாம். அவளை ஏமாற்றியவன் நான். என்னிடம் அவள் கத்தவும் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே மகளை உட்கார வைத்து, பேச வேண்டியதை மலாயில் எழுதி மனப்பாடம் செய்தேன். தலைவர் குறிப்பை உறுதிப்படுத்தக் கேட்டார். நண்பன் கையைத் தூக்கினான். எல்லாரும் வழக்கம்போல என் பக்கம் திரும்பினார்கள். நான் கையை மேசைக்கு அடியில், தொடை மேல் வைத்துக்கொண்டேன். யாரோ ஒருவர் நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டார். கடைசியில் குழுவில் இருந்த இரும்புக்கடைச் சீனர் வழிமொழிந்தார்.

பிறகு நான் எழுந்து பேசினேன். அந்த ஒருமனதில் நான் இல்லை, திடல் ஜன்னல்களுக்கு முன்னால் இருப்பதால்தான் பெண் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், பாதியையாவது மண்ணாக விடுங்கள் என்றேன். பத்து நிமிடம் பேசினேன், ஒரு ஜோக்கும் இல்லை. தலைவர் கவனமாகக் கேட்டார். உறுதிப்படுத்திய குறிப்பைக் குழு திருத்த முடியாது, அதை வழிமொழிந்தவரே கேட்டாலும் முடியாது, வேலையும் ஒப்பந்தக்காரரிடம் போய்விட்டது என்று வருத்தத்தோடு விளக்கினார். நண்பன் முன்னால் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். என் பேச்சு மறுமாதக் குறிப்பில் வந்தது. அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். ஒரே வரி. உறுப்பினர் ஒருவர் திடலைப் பற்றிப் பேசினார், கவனத்தில் கொள்ளப்பட்டது.

பதவியை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அதற்கு அரசாங்க மலாயில் கடிதம் எழுத வேண்டும், மகளுக்கு அந்த நடை வராது, கோச்சிடம் கேட்க எனக்கு முகமில்லை. அப்படி எழுதக்கூடியவன் எனக்குத் தெரிந்து மிச்சம் ஒருவன்தான்.

தளம் கட்டி முடிந்தது. வேலிக் கதவுக்குப் பூட்டு உண்டு, முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் திறக்கிறார்கள். சாயங்காலங்களில் வேறு ஊர்க்காரர்கள் கார்களில் வந்து பூட்சால் என்னும் சிறுதளப் பந்தாட்டம் ஆடுகிறார்கள். கல்வெட்டும் இருக்கிறது. அதில் நகராண்மைக் கழகத்தின் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது. என் நண்பனின் பெயர் இல்லை. எனக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அவன் வீட்டைத் தாண்டும்போது மோட்டாரை மெதுவாக்குவதும் இல்லை, வேகமாக்குவதும் இல்லை.

பதினோரு பெண்களில் ஐந்து பேரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். மீதி ஆறு பேரை, அம்மாக்களிடம் மன்றாடிக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் போர்டிக்சன் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறாள் கோச். மணலில் விழுந்தால் அடி படாது. வேன் ஓட்ட ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு நானே போய் நின்றேன். முப்பது வருடம் லோரி ஓட்டியவன் என்ற ஒரு தகுதியாவது எனக்கு இருக்கிறது. அவள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். போகும்போதும் வரும்போதும் என் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கிறது. அவள் பிள்ளைகளோடு பின்னால் உட்கார்ந்துகொள்கிறாள்.

போன ஞாயிறு, ஆறு பேரை மூன்று மூன்றாகப் பிரித்து விட்டிருந்தாள். கோட்டைப் பார்க்க ஆள் இல்லை. என்னைப் பார்த்து, மெம்பர், அந்தப் பக்கம் நில்லுங்க என்றாள். நின்றேன். காலால் மணலில் கிழித்த கோடுதான் என்றாலும் நன்றாகவே தெரிந்தது. பாடி வந்த பெண் திரும்பி ஓடும்போது குதிகால் கோட்டுக்கு வெளியே போனது. நான் அதைக் கண்ணால் பார்த்தேன். கையைத் தூக்கி, அவுட் என்றேன்.

கோச் என் கையைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

"கால் வெளிய போச்சா?"

"போச்சு கோச்" என்றாள் அந்தப் பெண்.

அப்புறம்தான் புள்ளி கொடுத்தாள்.